தையல்நாயகி பார்க்கும் பக்கம்

ஜூன் 9, திங்கள்

ரைஸ்மில் குஞ்சிதபாதம் இன்று பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். தலைமையாசிரியை ஆள் அனுப்பி என்னை வகுப்பிலிருந்து கூப்பிட்டார். போனால் அவருக்கு வாயெல்லாம் பல். போன ஆடியில் இறந்துபோன மனைவியின் பெயரில் மில்காரர் ஒரு மண்டபம் கட்டிக்கொண்டிருக்கிறார். தையல்நாயகி திருமண மண்டபம். ஆவணியில் திறப்பு. உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில் அந்த அம்மாளின் படம் இருக்க வேண்டும். போட்டோவைப் பெரிதாக்கி மாட்டினால் சாவுக்கு வைக்கிற ஃப்ளெக்ஸ் மாதிரி ஆகிவிடுமாம். கையால் வரைந்த எண்ணெய் ஓவியம்தான் வேண்டுமாம், நான்கடிக்கு மூன்றடி.

"டீச்சர்தான் வரையணும். வேற யார்கிட்டயும் குடுக்க மனசு வரல" என்றார்.

"கனகவல்லிக்கு என்ன, ஒரே மூச்சுல போட்டுடுவாங்க" என்று எனக்காகத் தலைமையாசிரியையே ஒப்புக்கொண்டார். பள்ளிக்குப் புது வகுப்பறை கட்டிக் கொடுத்த மனிதர் கேட்கும்போது என் வாய் எதற்கு?

இருபத்து மூன்று வருடமாக இங்கே ஓவிய ஆசிரியை. இத்தனை வருடத்தில் பள்ளி என்னிடம் வாங்கிக்கொண்ட பெரிய ஓவியம் சத்துணவுக்கூடச் சுவரில் சிரிக்கிற கேரட். கும்பகோணத்தில் ஐந்து வருடம் படித்தது அந்தக் கேரட்டுக்காகத்தான் என்று நானே சொல்லிச் சிரித்துக்கொள்வது வழக்கம்.

பியூன் காபி கொண்டுவந்தார். "சாருக்குச் சர்க்கரை வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். தலைமையாசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்த வயதில் யாருக்குத்தான் சர்க்கரை இல்லை, ஊகித்தேன் என்றேன்.

ஜூன் 12, வியாழன்

மில் டிரைவர் ஒரு கவர் கொடுத்துவிட்டுப் போனார். மில்லின் பெயர் அச்சடித்த தாளில் என்னென்ன வரைய வேண்டும் என்று டைப் செய்து, அடைப்புக்குறிக்குள் ஒவ்வொன்றுக்கும் அர்த்தமும் போட்டிருக்கிறார். அம்மாளுக்கு அரக்குப் பட்டு, வைரத்தோடு. பின்னால் விளைந்த நெல்வயல், அது செல்வமாம். குலை தள்ளிய வாழை வம்சம். கோபுரம் பக்தி. பசுவும் கன்றும் தாய்மை. தூரத்தில் மில்லின் புகைபோக்கி உழைப்பு. காவிரி வற்றாத அன்பு.

வற்றாத அன்புக்குக் காவிரி! எங்கள் ஊரில் வருடத்தில் பாதி நாள் மணல் பறக்கிற ஆறு. தெரிந்து எழுதினாரா, தெரியாமல் எழுதினாரா? தெரியாமல்தான் எழுதியிருப்பார். அவருக்கு எதையும் யோசித்து எழுதிப் பழக்கமில்லை.

இன்று தாமரைக்குளத்து மீன் கிடைத்தது. குழம்பு வைத்தேன். தனியாள் சாப்பாட்டுக்கு அரைக் கிலோ அதிகம்.

ஜூன் 15, ஞாயிறு

கவரில் வந்த போட்டோவை ஆணியடித்து மாட்டிக் கட்டம் போட்டேன். ஸ்டூடியோவில் எதிலிருந்தோ வெட்டிப் பெரிதாக்கியிருக்கிறார்கள். இடது ஓரத்தில் ஒரு பட்டுச் சட்டைத் தோள் தெரிகிறது, அது குஞ்சிதபாதம். வலது ஓரத்தில் பித்தளை விளிம்பு மாதிரி ஏதோ பளபளக்கிறது. ஏதோ விழாவில் எடுத்தது. மங்கலாக இருந்தாலும் முகம் நன்றாக வந்திருக்கிறது. நாற்பது வயது இருக்கும். மஞ்சள் பூசிய கன்னம், பெரிய குங்குமம்.

கேமராவைப் பார்க்கவில்லை. வலப்பக்கம் யாரையோ பார்க்கிறாள். உதட்டில் ஒரு சிரிப்பு. மேடையில் யாராவது பேசிக்கொண்டிருந்திருப்பார்கள்.

நிறைவாக வாழ்ந்தவளின் சிரிப்பு. வீட்டுக்காரர் சொல்வது போலத்தான் இருக்கிறாள். "அவ வெள்ளந்தி. சோறு, கோயில், மக. வேற ஒண்ணும் தெரியாது" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். எல்லாரிடமும் சொல்வார்.

அவருக்கு வேறு ஓர் இடம் இருந்தது. எனக்குத் தெரியும். அது யார் என்பது இங்கே முக்கியமில்லை. அந்த அம்மாளுக்கு அது தெரியாது என்பதுதான் முக்கியம். தெரியாத ஒன்று யாரையும் நோகடிக்க முடியாது. தெரியாமலே வாழ்ந்தாள், தெரியாமலே போனாள். ஆகையால் யாருக்கும் எந்தக் கெடுதலும் நடக்கவில்லை. பதினான்கு வருடமாக என் கருத்து இதுதான். மாற்றிக்கொள்ளக் காரணம் எதுவும் இதுவரை வரவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

மில்லுக்கு வார விடுமுறை. யாரும் வரவில்லை. வருவதாகச் சொல்லவும் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

ஆசிரியர் அறையில் ரெஜினா டீச்சர் தமிழ்த் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"கனகவல்லி, கேட்டியா? மருதத்துக்கு உரிப்பொருள் என்னன்னு கேட்டா, அறுவடைன்னு எழுதி வெச்சிருக்கு ஒரு கழுத. வயலும் வயல் சார்ந்த இடமும்ல, அதான் அறுவடையாம்."

"அப்ப என்ன, ஊடலா?"

"பின்ன? புருஷன்காரன் புதுத்தண்ணியில எவளோடயோ குளிச்சிட்டு வருவான். பொண்டாட்டி கதவச் சாத்திட்டு உள்ள உக்காந்திருப்பா. எரும தாமரைக் குளத்துல எறங்கிப் பூவையெல்லாம் மிதிச்சுத் தின்னும். எல்லாத்துக்கும் ஒரே அர்த்தந்தான்."

"பத்தாங்கிளாஸ் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுக்கிறியா?"

"எரும வரைக்கும் சொல்லுவேன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. அந்த மனிதர் வயல் கேட்டார், ஆறு கேட்டார். செழிப்பு என்று நினைத்துக்கொண்டு மருதத்தையே கேட்டிருக்கிறார். இன்னும் இரண்டு பொருள் சேர்த்தால் போதும், முழுக் கதையும் சுவரில் ஏறிவிடும். பசுவுக்குப் பதில் எருமை, தாமரைக் குளத்தில். ஆற்றில் புதுவெள்ளம். வயலுக்கு நடுவில் ஓட்டு வீடு, வாசல் கதவு சாத்தியிருக்கும். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் செழிப்பு என்பார்கள். அவரும் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். தன் மண்டபத்தில், தன் செலவில், தன் யோக்கியதையை மாட்டிவைத்துக்கொண்டு அது தெரியாமலே பன்னீர் தெளிப்பார்.

எனக்கு அவர்மேல் ஏன் இத்தனை கோபம் என்று கேட்டால், ஓவியருக்குக் கொஞ்சம் குறும்பு இருக்கக்கூடாதா?

ஜூலை 5, சனி

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. பாலத்தில் கூட்டம். முதல் தண்ணீர் எப்போதும் போலக் குப்பையும் நுரையும் பழுப்பு நிறமுமாக வந்தது. பெண்கள் பூவை உதிர்த்துப் போட்டார்கள். நானும் கொஞ்சம் நேரம் நின்றுவிட்டு, நிறம் மறப்பதற்குள் ஓடிவந்து ஆற்றை வரைந்தேன். நன்றாக வந்திருக்கிறது. அந்தப் பழுப்பை இதுவரை யாரும் இப்படிப் போட்டதில்லை என்று எனக்கே ஒரு கர்வம்.

வலது கீழ் மூலையில் ஆறு வெறிச்சென்று இருந்தது. அங்கே இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பெண்ணை நிறுத்தினேன். கட்டைவிரல் உயரம். முதுகு மட்டும் தெரியும். ஈரப் புடவை பச்சை. பழுப்புக்குப் பக்கத்தில் ஒரு பச்சை தேவைப்பட்டது, அதற்காகத்தான்.

ஜூலை 8, செவ்வாய்

நாலரை மணிக்கு வந்தார். படம் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க வந்தாராம். மாடிப்படி ஏறியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து கதவுக்குப் பின்னால் வைத்தார். இரண்டு வருடம் ஆகியும் கை மறக்கவில்லை.

படத்துக்கு முன்னால் நின்றார். கழுத்துக்குக் கீழே எல்லாம் முடிந்திருந்தது. முகத்துக்கு அடிநிறம் மட்டும் போட்டிருந்தேன்.

"பசு போடச் சொன்னேனே?"

"நம்ம பக்கம் குளத்துல எறங்குறது எருமதான். பசு எறங்காது."

"அதுவும் சரிதான்." கொஞ்சம் யோசித்தார். "எமன் வாகனம்னு எவனாச்சும் சொல்லுவானோ?"

"பால் குடுக்குது. செல்வம்னு சொல்லுங்க."

"ஆமா, செல்வந்தான். ஆத்துல அது யாரு?"

"யாரோ குளிக்கிறா."

"நல்லாருக்கு. நம்ம ஊரு மாதிரியே இருக்கு" என்றார். எனக்கு உள்ளுக்குள் குதூகலம். ஒரு நிமிடம்தான்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "வல்லி" என்றார்.

பள்ளியில் டீச்சர், நீங்க. இங்கே வல்லி, நீ. அதுவும் மறக்கவில்லை.

"நாந்தான் ஒங்கிட்டயே குடுக்கணும்னு பிடிவாதமா நின்னேன். வீட்டுல எல்லாரும் கும்பகோணத்துல குடுக்கலாம்னாங்க. ஒனக்கு ஏதாச்சும் செய்யணும்னு எனக்கும் இருக்காதா?" காபியைக் குடித்துத் தம்ளரைக் கீழே வைத்தார். "அபிராமிக்கு மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்கோம். இனிமே இங்க வந்து போறதெல்லாம்... ஒனக்கே புரியும்."

"புரியுது."

"தெறப்பு விழாவுக்கு அவசியம் வரணும். ஆனா டீச்சருங்களோட சேந்து வா. பின்னாடி வரிசையில உக்காரு. எதுக்குச் சொல்றேன்னா..."

"புரியுதுன்னு சொன்னேனே."

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகை வரவில்லை. தையல்நாயகிக்கு உடம்புக்கு வந்ததிலிருந்து இரண்டு வருடம் அவர் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை, முறை இல்லை என்று இருந்தேன். அவள் போன பிறகாவது என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. இருந்தது என்று எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கப் போவதில்லை. இந்தப் படத்தை என்னிடம் கொடுத்ததை ஓர் அழைப்பு என்று எடுத்துக்கொண்ட மடச்சி நான். கணக்குத் தீர்த்து அனுப்புகிற மாதிரி அனுப்பியிருக்கிறார்.

ஜூலை 9, புதன்

நேற்று எழுதியதைக் கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். அந்தத் தாளின் பின்பக்கத்தில் அரக்குப் பட்டுக்கு நிறம் கலந்த அளவு இருக்கிறது. கிழிக்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

கண் வரமாட்டேன் என்கிறது. நான்கு முறை போட்டு நான்கு முறை டர்பன்டைனால் துடைத்தேன். போட்டோவில் இருக்கிறபடியே வலப்பக்கம் பார்க்க வைத்தால் அந்தச் சிரிப்பு மாறிவிடுகிறது. நிறைவு என்று நான் நினைத்தது வேறு எதுவோவாகத் தெரிகிறது. என்னவென்று பெயர் சொல்லத் தெரியவில்லை.

உயிரோடு இருந்தபோது அந்த முகத்தை நான் நேராகப் பார்த்ததே இல்லை. பேசியது ஒரே ஒரு முறை. அவள் மகள் அபிராமி ஏழாவது படித்தபோது பள்ளியில் ஓவியக் கண்காட்சி வைத்தோம். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "நல்லா வரையறீங்க டீச்சர். ஒங்க வீட்டுலயும் இப்படித்தான் செவுரு பூரா மாட்டி வெச்சிருப்பீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "பாக்கணும்னு ஆசதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லாத் தாய்மாரும் ஏதோ ஒன்று கேட்பார்கள்.

நல்ல மனசுக்காரி. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஆசிரியைகளுக்குப் புது அரிசி அனுப்புவாள். பத்துக் கிலோப் பை. "அம்மா குடுத்தாங்க" என்று டிரைவர் வைத்துவிட்டுப் போவார். வெள்ளை வெளேரென்ற சீரகச் சம்பா. இன்று அதை ரெஜினாவிடம் சொல்லி, அப்படிப்பட்டவளுக்கு வந்த நோவைப் பார் என்றேன்.

"எந்த அரிசி?" என்றாள்.

"பொங்கலுக்கு மில்லுலேருந்து எல்லாருக்கும் வருமே."

"எல்லாருக்குமா? எனக்கு ஒரு பிடி கூட வந்ததில்லையே."

ரெஜினா வேதக்காரி. பொங்கல் கொண்டாடமாட்டாள் என்று விட்டிருப்பார்கள். மற்றவர்களிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் தோன்றவில்லை.

சாயங்காலம் கண்ணை நேராகத் திருப்பிவிட்டேன். இப்போது எதிரே வருகிறவர்களைப் பார்த்து ஆசீர்வாதம் செய்வது போல இருக்கிறாள். மண்டபத்துக்கு இதுதான் பொருத்தம். சிரிப்பும் அடங்கிவிட்டது. எனக்கும் சாப்பாடு இறங்கியது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆற்றங்கரையில் கால் வைக்க இடமில்லை. ஒரு மாமி எல்லாருக்கும் மஞ்சள் கயிறு கட்டிவிட்டுக்கொண்டிருந்தார். கன்னிப் பெண்களுக்கும் கட்டுவார்கள். என் முறை வந்ததும் முகத்தைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், கயிற்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "நீங்க...?" என்று இழுத்தார். தாலி இல்லாத நாற்பத்தொன்பது வயதுக்கு அவரிடம் எந்தக் கணக்கும் இல்லை. "எனக்கு வேண்டாம், சும்மா பாக்க வந்தேன்" என்று நகர்ந்துவிட்டேன்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் இதே நாளில் குஞ்சிதபாதம் காரில் என்னைப் பூம்புகாருக்கு அழைத்துப் போனார். ஆறு கடலில் சேருகிற இடத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றோம். பச்சைப் புடவை கட்டியிருந்தேன். சந்தோஷமாக இருந்தேன். அந்த நாளை யாருக்காகவும் பொய் என்று சொல்லமாட்டேன். அந்த நேரத்தில் அவர் வீட்டில் தையல்நாயகி சித்ரான்னம் கிளறி வைத்துவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள் என்று எனக்கு இன்றுதான் தோன்றுகிறது. அன்றைக்கும் தோன்றியிருக்கலாம். நினைவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அபிராமி வந்தாள். சிதம்பரத்தில் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள். காலை பத்து மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

"அப்பா படம் முடிஞ்சிடுச்சுன்னார். வண்டியில ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தரம் பாத்துட்டுப் போறேன் டீச்சர்."

துணியை விலக்கினேன். முகத்தைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். முகத்தை விட்டுவிட்டுச் சுற்றிச் சுற்றிப் பின்புலத்தைப் பார்த்தாள். குளத்துக்கு அருகில் விரலைக் கொண்டுபோனாள்.

"எரும தாமரைய மிதிக்குது." விரல் நகர்ந்தது. "புதுத்தண்ணி. வாசக்கதவு சாத்தியிருக்கு." என் பக்கம் திரும்பினாள். "மருதம்."

இவள் தமிழ் படித்தவள் என்பது எனக்குத் தெரியும். அப்பாவை ஏமாற்றினால் போதும் என்று இருந்தேன், மகளை யோசிக்கவில்லை.

"அப்பாவுக்குப் புரியலல்ல?"

"செழிப்புன்னார்."

சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அம்மாவுக்குப் புரிஞ்சிருக்கும். அம்மா ஏழாவதுதான். ஆனா நான் காலேஜுக்குப் போனப்பறம் மத்தியானத்துல என் புக்கையெல்லாம் எடுத்து வெச்சுப் படிப்பா. இந்தப் பாட்டெல்லாம் ரெண்டு தரம் என்னச் சொல்லச் சொல்லிக் கேட்டா. கடைசியில ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. 'அந்தப் பொம்பள கதவத் தெறந்தாளா, இல்லயா?'ன்னு. பெரும்பாலும் தெறந்துடுவாம்மான்னேன். 'தெறந்துதான் ஆகணுமா?'ன்னு கேட்டுட்டு அரிசி களைய எழுந்து போயிட்டா."

படத்திலிருந்து விலக்கிய துணியை எடுத்து மடித்தேன்.

"கண்ணு தப்பா இருக்கு டீச்சர்" என்றாள். "அம்மா இப்படிப் பாக்கமாட்டா. போட்டோல இருக்கற மாதிரிதான் போடணும்."

"மண்டபத்துக்கு நேராப் பாத்தா நல்லாருக்கும்னு..."

"உங்ககிட்ட வந்தது வெட்டின போட்டோ. முழுசப் பாருங்க" என்று பையிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தாள்.

எங்கள் பள்ளி ஆண்டு விழா. புது வகுப்பறை திறந்த வருடம். மேடையில் இடது பக்கம் குஞ்சிதபாதம் பட்டுச் சட்டையில், கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். நடுவில் தையல்நாயகி. வலது ஓரத்தில் பரிசுகள் வைத்த பித்தளைத் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு நான். பச்சைப் புடவை. முப்பத்தைந்து வயது. நான் அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஒருத்தி இருப்பதே தெரியாத மாதிரி, அவளைத் தாண்டி, அப்படி ஒரு பார்வை. போட்டோவில் என் முகத்தைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

தையல்நாயகி என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"ஆஸ்பத்திரியில இருக்கும்போது பீரோ சாவியக் குடுத்து இத எடுத்துட்டு வரச் சொன்னா" என்றாள் அபிராமி. "'நான் போனப்பறம் படம் வெப்பீங்கல்ல, இதப் பாத்துதான் வரையணும். ஒங்க டிராயிங் டீச்சர்தான் வரையணும்'னா. அப்பா ஒத்துக்கவே இல்ல. கும்பகோணத்துல குடுக்கலாம், அவங்களுக்கு எதுக்குச் சிரமம்னார். அம்மா சத்தியம் வாங்கினா."

"அவர்தான் பிடிவாதமா நின்னதா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

"அப்படியா சொன்னார்?" என்றாள். ஆச்சரியப்படவில்லை.

"வேற ஏதாச்சும் சொன்னாங்களா?"

"'ரெண்டு மாசம் அவங்க என் மொகத்தப் பாக்கட்டும்'னா."

"கோவமாச் சொன்னாங்களா?"

"தெரியல டீச்சர். மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சான்னு கேக்கற மாதிரி சாதாரணமாத்தான் சொன்னா."

எழுந்தாள். வாசல் வரை போய்த் திரும்பி, "ஆத்துல நிக்கற அந்தப் பச்சப்புடவைய அழிச்சிடாதீங்க" என்றாள். ஏழாம் வகுப்பில் வானத்துக்கு எந்த நீலம் என்று என்னிடம் கேட்ட அதே குரல்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பள்ளிக்கு விடுப்பு.

தமிழ், கணக்கு, அறிவியல், தையல், விளையாட்டு என்று ஒவ்வொருவருக்கும் போன் செய்து கேட்டேன். பொங்கல் அரிசி யாருக்கும் வந்ததில்லை. எனக்கு மட்டும்தான். பன்னிரண்டு பொங்கல். பன்னிரண்டு பையையும் நான் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் அதே அரிசியில் பொங்கல் வைத்து அவருக்கும் போட்டிருக்கிறேன். "எங்க வாங்கின, நல்லாருக்கே" என்று கேட்டுச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 16, சனி

கண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு முழுப் போட்டோவை மாட்டிக்கொண்டு போட்டேன். ஒரே உட்காரலில் வந்துவிட்டது. இரண்டு மாதமாக எப்படி வந்திருக்கும்? யாரைப் பார்க்கிறாள் என்று தெரியாமல் பார்வையை வரைய முடியாது. வகுப்பில் பிள்ளைகளுக்கு வருடாவருடம் நான் சொல்லிக்கொடுப்பதுதான் இது.

அந்தச் சிரிப்புக்கு இப்போது பெயர் தெரியும். எழுத மனமில்லை. கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். தெரிந்தது, பார்த்தாள், அரிசி அனுப்பினாள். யாருக்கும் எந்தக் கெடுதலும் நடக்கவில்லை என்று ஜூன் மாதத்தில் எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கண்ணை முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. தையல்நாயகியின் பார்வை நேராக வலது கீழ் மூலைக்குப் போகிறது. ஆற்றில் நிற்கிறவள்மேல் போய் நிற்கிறது. இதை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அழித்துவிடத் தூரிகையைப் பழுப்பில் தோய்த்தேன். வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு கழுவி வைத்துவிட்டேன்.

எப்போதும் வலது மூலையில்தான் கையெழுத்துப் போடுவேன். இதில் போடவில்லை. இடமில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அறை பெரிதாகிவிட்டது. ஆணியிருந்த இடத்தில் சுவர் பெயர்ந்திருக்கிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மண்டபத் திறப்பு. ரெஜினாவோடும் மற்ற டீச்சர்களோடும் போனேன். பின் வரிசையில், வலப்பக்கம் உட்கார்ந்தேன். அவர் சொன்னபடியே.

படத்துக்குக் கதம்ப மாலை. விருந்தாளிகளை ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டு போய்க் குஞ்சிதபாதம் விளக்கிக்கொண்டிருந்தார். வயல், வாழை, ஆறு. எருமையைக் காட்டி, "செல்வம்" என்றது எங்கள் வரிசை வரைக்கும் கேட்டது. எல்லாரும் தலையாட்டினார்கள். நான் ஜூனில் எதிர்பார்த்த காட்சி அப்படியே நடந்தது. ஒரு துளிச் சந்தோஷம் வரவில்லை.

ரெஜினா என் தோளை இடித்தாள். "அந்த அம்மா நம்மளையே பாக்கற மாதிரி இல்ல? எனக்கு என்னவோ போல இருக்கு" என்று சொல்லி இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் நகரவில்லை.

சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். இலை போட்ட பிறகு அபிராமி வந்து என் பக்கத்தில் குனிந்தாள். பார்க்கிறவர்களுக்கு மரியாதையாகத்தான் இருந்திருக்கும், பழைய டீச்சரைக் கவனிக்கிறாள் என்று.

"யார் வரைஞ்சதுன்னு யாரோ கேட்டாங்க டீச்சர். அப்பா கையெழுத்தத் தேடினார். கண்டுபிடிக்க முடியல. வலது மூலையில இருக்குப்பான்னேன். கண்ணாடியப் போட்டுக் குனிஞ்சு பாத்தார். 'இங்க ஒண்ணும் இல்லயே, ஆத்துல ஒரு பொம்பளதான் நிக்கிறா'ன்னார். ஆமாம்ப்பான்னேன்."

பந்தியின் மறுகோடியில் குஞ்சிதபாதம் நின்றுகொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். யாரையும் உபசரிக்கவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை.

"டீச்சருக்குச் சோறு போடுங்க" என்று அபிராமி பரிமாறுகிறவரைக் கூப்பிட்டாள். போட்டார். வெள்ளை வெளேரென்று இருந்தது. அந்த அரிசி எனக்குத் தெரியும். கை நனைக்காமல் இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.